அருக்காணி கட்டிய இரண்டு பிராது

என் ஓரகத்தி அருக்காணி என் பேரில் சாமியிடம் பிராது கட்டியவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக் கதையில் யாராவது குறுக்கே புகுந்து, "ஏம்மா, உன் மேலயே பிராது கட்டினாளாமே?" என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும். எனக்கு வாய் நீளம். கோபமும் மூக்கு நுனியில்தான் நிற்கும். அருக்காணி அப்படி இல்லை. அவள் பேசுவதெல்லாம் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை இருக்கும், அதிலும் இரண்டு 'சாப்டியா' என்பதாக இருக்கும்.

விருத்தாசலத்துக்காரர்களுக்குப் பிராது என்றால் விளக்க வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஊரை ஒட்டி மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோவில் இருக்கிறது. யாராவது நமக்குக் கெடுதல் செய்துவிட்டால், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிற மாதிரி அங்கே போவோம். இன்னார், இன்ன ஊர், எனக்கு இன்னது செய்தார் என்று காகிதத்தில் எழுதியோ யாரிடமாவது எழுதி வாங்கியோ, சாமி முன்னால் வைத்து வாங்கி, மடித்து, அங்கே நட்டிருக்கும் வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். தொண்ணூறு நாளைக்குள் சாமி விசாரித்துத் தீர்ப்பு சொல்லிவிடும் என்பது நம்பிக்கை. குறை தீர்ந்துவிட்டால் மறுபடியும் போய் ராஜினாமா எழுதிக் கொடுத்து முடிக்க வேண்டும். முடிக்காமல் விட்டால் சாமி விசாரித்துக்கொண்டே இருக்கும் என்பார்கள்.

அருக்காணிக்குக் கம்மாபுரம் பக்கம் ஒரு கிராமம். பதினேழு வயதில் தெய்வநாயகத்துக்கு வாழ்க்கைப்பட்டு விருத்தாசலம் வந்தாள். ஒன்பது வருஷம் கழித்து அவர் தம்பி அர்ச்சுனனைக் கட்டிக்கொண்டு நான் வந்தேன். ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கி, அந்தப் பக்கம் அவர்களும் இந்தப் பக்கம் நாங்களும் இருந்தோம். கொல்லை மட்டும் பொது.

அவள் செராமிக் யூனிட்டில் வேலை பார்த்தாள். கரைத்து வைத்த மண்ணைப் பொம்மை அச்சில் ஊற்றுகிற வேலை. அதைக் கூழ் என்பார்கள். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். ஊற்றுகிறபோது கை நின்றாலும் போச்சு, வேகமாக விழுந்தாலும் போச்சு. உள்ளே காற்று புகுந்து, சூளையில் வெந்ததும் பொம்மையின் கன்னத்தில் ஓட்டை விழும். நானும் அங்கே ஆறு மாதம் போனேன். என் பிள்ளையாருக்கெல்லாம் அம்மை போட்டதுபோல் முகம். மேஸ்திரி என்னைப் பொம்மை துடைக்கிற பக்கம் மாற்றிவிட்டார். அருக்காணி ஊற்றினால் நூல் பிடித்த மாதிரி இறங்கும். அவள் அச்சில் ஓட்டை விழுந்து நான் பார்த்ததில்லை.

அவளுக்குப் பிள்ளை இல்லை. இல்லை என்பதும் தப்பு, ஒன்று பிறந்தது. அவள் வாழ வந்த இரண்டாம் வருஷம். மழை பொய்த்த வருஷமாம். வீட்டில் ஒரு வேளைதான் உலை கொதிக்கும். மாமியார் ஆண்களுக்குப் போட்டுவிட்டு மிச்சத்தைத்தான் மருமகளுக்குத் தள்ளுவாராம். ஏழாம் மாதத்தில் வளையல் போடவும் யாரும் வரவில்லை. எலிக்குஞ்சு போல ஒரு பெண் குழந்தை பிறந்து, பதினோரு நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. இதை ஒரு தடவைதான் என்னிடம் சொன்னாள், மீன் ஆய்ந்துகொண்டே. சொல்லிவிட்டு, "செதில பாத்து எடு, தொண்டைல சிக்கும்" என்றாள்.

நான் முழுகாமல் இருந்தபோது அவள் என்னைப் படுத்திய பாடு கொஞ்ச நஞ்சமில்லை. முருங்கைக் கீரையில் முட்டை உடைத்து ஊற்றித் தருவாள். அது இறங்குவதற்குள் எள்ளுருண்டை. "யக்கா, வவுறு வெடிச்சிடும்" என்றால், "வெடிச்சா தச்சிக்கலாம், தின்னு" என்பாள். வேலைக்குப் போகுமுன் ஒரு தட்டு, வந்ததும் ஒரு தட்டு. நான் தின்று முடிக்கிறவரை நகர மாட்டாள். என் மகள் பூங்கோதை மூன்றே கால் கிலோ பிறந்தாள். ஆஸ்பத்திரியில் எல்லாரும் வந்து பார்த்தார்கள்.

அப்படிப்பட்டவள் மாடு வாங்கினால் என்ன ஆகும்? தொண்ணூற்றொன்றில் பால் சொசைட்டி மூலமாக ஒரு ஜெர்சிக் கலப்பு மாடு வாங்கினாள். செவலை நிறம், நெற்றியில் வெள்ளை. செல்லி என்று பேர் வைத்தாள். மறு வருஷம் செல்லி சினையாகி, ஏழு மாதத்தில் பால் வற்றியது. பால் வற்றிய மாட்டுக்கு ஊரில் எல்லாரும் தீவனத்தைக் குறைப்பார்கள். கறவை இல்லாத மாட்டுக்கு எதற்கு என்று வைக்கோலோடு நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. அருக்காணி அப்போதுதான் ஆரம்பித்தாள். காலையில் நொய்க் கஞ்சி ஒரு குண்டான். மத்தியானம் கடலைப் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும். சாயந்திரம் மறுபடி சோறு. யூனிட் பக்கத்து மெஸ்ஸில் மிஞ்சியதையும் சுமந்துகொண்டு வருவாள். கட்டுத்தறியை விட்டு மாட்டை அவிழ்ப்பதும் இல்லை. "புள்ளத்தாச்சிய வெயில்ல நடக்க வுடுவாங்களாடி?" என்பாள்.

எட்டாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாட்டுக்கு வளைகாப்பே வைத்துவிட்டாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கண்ணாடி வளையலை மஞ்சள் கயிற்றில் கோத்து இரண்டு கொம்பிலும் கட்டினாள். சந்தனம், குங்குமம், ஐந்து வகைச் சோறு. தெருப் பெண்களெல்லாம் முந்தானையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டே வந்து மாட்டு நெற்றியில் பொட்டு வைத்தார்கள். செல்லி புளிச்சோற்றையும் விடவில்லை, சர்க்கரைப் பொங்கலையும் விடவில்லை. முதுகெலும்பு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. என் நாக்கு சும்மா இருக்குமா? அத்தனை பேர் முன்னால், "யக்கா, மாடா இது? கோவில் யானைல்ல வந்து நிக்குது!" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அருக்காணி சிரிக்கவில்லை. உடனே செல்லி முதுகில் கையை வைத்துத் தடவினாள்.

செல்லி நல்லபடியாகக் கன்று போட்டது. கிடேரி, பெண் கன்று. மூன்று நாள் பால் குடம் குடமாக வந்தது. நாலாம் நாள் கஞ்சியை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. ஐந்தாம் நாள் சாணம் கெட்டியாக, சளி படிந்து வந்தது. ஆறாம் நாள் படுத்தது, எழுப்பினால் எழவில்லை. பாலும் சுண்டிவிட்டது. கன்று மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டுக் கத்தியது.

அன்று காலை நான் தண்ணீர் தூக்கிக்கொண்டு வருகிறேன், பின்னால் ஏதோ அரவம். திரும்பினால் அருக்காணி குனிந்து நான் மிதித்த மண்ணை எடுத்துக்கொண்டிருக்கிறாள். கண் போட்டவள் காலடி மண்ணை உப்பு மிளகாயோடு சேர்த்துச் சுற்றி நெருப்பில் போட்டால் திருஷ்டி கழியும் என்பது எனக்குத் தெரியாதா என்ன?

"யக்கா! என்னா பண்ற?"

"ஒண்ணுமில்ல. நீ போ."

"என் காலடி மண்ண எடுக்கிற, ஒண்ணுமில்லயா?"

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று சும்மாவா சொன்னார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். நெருப்பில் போட்டபோது மிளகாய் நெடி கூட வரவில்லையாம். அதனால் என் கண் பலமான கண் என்று முடிவு கட்டிவிட்டாள். அடுத்த நாள் யூனிட்டுக்குப் போகாமல் எங்கேயோ போய்விட்டு, நெற்றி நிறைய விபூதியோடு வந்தாள். கொல்லையில் நின்று, என்னைப் பார்க்காமல் முருங்கை மரத்தைப் பார்த்து, "கொளஞ்சியப்பர்கிட்ட பிராது கட்டிட்டேன். இனிமே அவர் பாத்துப்பாரு" என்றாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம். பயம் பின்னாலேயே வந்தது. நான் கண் போடவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் யானை என்று சொன்னது நான்தானே? செல்லி செத்துப்போனால் சாமி என்னை என்ன செய்யுமோ, அது இருக்கட்டும். தெரு என்னைச் சும்மா விடுமா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மாட்டைக் கொன்றவள் என்ற பேர் என் மகள் கல்யாணம் வரைக்கும் கூட வரும். எல்லாவற்றையும் விட, அருக்காணி அப்புறம் என் முகத்தில் விழிக்க மாட்டாள்.

அன்று மத்தியானம் பூங்கோதைக்கு வயிற்று வலி. ஐயோ, சாமி ஆரம்பித்துவிட்டது என்று எனக்குக் கை கால் ஓடவில்லை. அழுகைச் சத்தம் கேட்டுச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது யார் என்கிறீர்கள்? பிராது கட்டியவளேதான். ஓமத் தண்ணீரைப் பிள்ளைக்குப் புகட்டி, தொப்புளைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவி, "மாங்கா தின்னியா?" என்று கேட்டாள். பிள்ளை ஆமாம் என்றது. டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு நேராக மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் மாணிக்கவேல் வெளியே போயிருந்தார். அவர் வருகிறவரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். வந்தவரிடம், "சார், இந்த மாடு செத்தா நான் செத்தேன்" என்றேன். மனிதர் சிரிக்காமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

டாக்டர் செல்லியின் மூக்கருகே முகத்தைக் கொண்டுபோய் மோந்து பார்த்தார். என்னையும் மோந்து பார்க்கச் சொன்னார். அழுகிப்போன பழ வாசனை, இனிப்பாக. அப்புறம் மாட்டு மூத்திரத்தைப் பிடித்து, தாளில் கொட்டிய ஒரு பொடியின் மேல் நாலு சொட்டு விட்டார். பொடி கத்திரிப்பூ நிறத்துக்கு மாறியது. அருக்காணி எட்டிப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் கண்தான் ஊதாவாக வந்து நிற்கிறது என்று நினைத்தாளோ என்னவோ.

"சினையா இருக்கும்போது என்னம்மா போட்டீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

அருக்காணி அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. நொய்க் கஞ்சியில் ஆரம்பித்து, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மெஸ் சோறு, வளைகாப்புச் சர்க்கரைப் பொங்கல் வரை ஒன்று விடாமல் பெருமையோடு சொன்னாள். கடைசியில் என் கண் பட்டதையும் சேர்த்தாள். டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"யாரும் கண்ணு வெக்கலம்மா. பால் வத்தினப்புறம் போட்ட சோறெல்லாம் கொழுப்பா உடம்புல நின்னுடுச்சு. கன்னு போட்டதும் பசி மந்தமாயிடும், ஆனா பால் சுரக்கணும். அதுக்காக அந்தக் கொழுப்பு கரைஞ்சு மொத்தமா ஈரலுக்கு வந்து அடையுது. ஈரல் தாங்கல. அதான் இந்த வாசனையும் இந்த நிறமும். அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுன்னு கேட்டதில்லயா?"

"அமிர்தம் குடிச்சுப் பாத்தவர் மாதிரிதான் பேசறாரு" என்று அருக்காணி முணுமுணுத்தாள். ஆனால் முகம் வெளுத்துவிட்டது.

டாக்டர் கழுத்து நரம்பில் ஊசி ஏற்றிப் பாட்டில் பாட்டிலாகக் குளுக்கோஸ் விட்டார். ஈரலுக்கு ஒரு ஊசி போட்டார். மெடிக்கலில் கிளிசரின் வாங்கி, தண்ணீர் கலந்து, காலையும் மாலையும் கொட்டத்தால், அதாவது மூங்கில் குழாயால், வாயில் ஊற்றச் சொன்னார். "மெதுவா ஊத்தணும். பொரை ஏறி நுரையீரலுக்குப் போச்சுன்னா அதுவே எமன். பசும்புல்லும் தண்ணியும் பக்கத்துல வெய்யுங்க. கஞ்சி, சோறு மட்டும் கூடவே கூடாது. நாளைக்கும் வந்து குளுக்கோஸ் போடறேன். ரெண்டு நாள்ல புல்லு கடிச்சா பொழைச்சுது" என்றார்.

சாயந்திரம் மருந்தை ஊற்றியது நான். பாதி என் சேலையில். மீதியில் செல்லிக்குப் புரையேறி இருமியது. அருக்காணி சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், கிட்டே வரவில்லை. டாக்டர் சொன்னதை நம்பினால் செல்லியைக் கெடுத்தது தன் கை என்று ஆகிவிடும். நம்பாவிட்டால் என் கண். அவளுக்கு என் கண்தான் வசதியாக இருந்தது. எனக்கு அது புரிந்தது. கோபம் மட்டும் குறையவில்லை.

மறுநாள் விடிந்ததும் கொல்லைக்குப் போனால் அருக்காணி செல்லியின் வாயைப் பிளந்து கொட்டத்தால் எதையோ ஊற்றிக்கொண்டிருக்கிறாள். மருந்துதான் என்று சந்தோஷப்பட்டுக் கிட்டே போனேன். நொய்க் கஞ்சி! செல்லியின் இடது வயிறு உப்பிக் கிடந்தது. கழுத்தைத் தூக்கக்கூட அதற்குத் தெம்பில்லை.

"அடிப்பாவி! டாக்டர் என்னா சொன்னாரு, நீ என்னா பண்ற?"

"கன்னு போட்ட வவுறு. நாலு நாளா வெறும் வவுறாக் கெடக்குது. பட்டினி போட்டே கொல்லச் சொல்றியா?"

நான் கஞ்சிக் குண்டானைப் பிடுங்கி வேலியோரம் வீசினேன். இப்போது நினைத்தாலும் அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றும். ஆனால் சொல்லிவிட்டேன்.

"யக்கா, அந்தப் பாப்பா பட்டினியால போச்சு. இது பட்டினியால சாவல. நீ போட்ட சோத்தால சாவுது. அந்தப் பாப்பாவுக்குப் போட வேண்டியத இதுக்குப் போட்டு இதயும் கொன்னுடாத!"

அருக்காணி அப்படியே சாணியும் கஞ்சியுமாய்க் கிடந்த தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. செல்லியின் கொம்பில் வளைகாப்புக் கயிறு இன்னும் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுதது நான்தான்.

பிறகு அவள் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "மருந்த எடு" என்றாள். நான் கலக்கிக் கொடுத்தேன். "தள்ளு. உனக்கு ஊத்தத் தெரியாது."

செல்லியின் தாடையை மடியில் தாங்கி, கடைவாயில் கொட்டத்தை வைத்து ஊற்றினாள். கூழ் ஊற்றுகிற அதே கை. ஒரே அளவாக இறங்கியது. செல்லி விழுங்கும்போது நிறுத்தி, விழுங்கியதும் விட்டாள். ஒரு சொட்டுக் கீழே விழவில்லை. ஒரு இருமல் இல்லை. டாக்டர் வந்து உப்பிய வயிற்றுக்கும் மருந்து கொடுத்து, அருக்காணியைத் திட்டு திட்டென்று திட்டி, குளுக்கோஸ் ஏற்றிவிட்டுப் போனார். அவள் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

காலை ஊற்று, மாலை ஊற்று. யூனிட்டுக்கு லீவு சொல்லிவிட்டாள். நான் ஏரிப் பக்கம் போய்ப் புல் அறுத்து வந்தேன். மூன்று நாள் செல்லி புல்லைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாலாம் நாள் மத்தியானம் நான் சோறு தின்றுகொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "சந்திரலேகா! கடிக்குதுடி!" என்று ஒரு கூச்சல். அருக்காணி கத்தி அன்றுதான் கேட்டேன். எச்சில் கையோடு ஓடினேன். ஒரு பிடி அறுகம்புல் செல்லியின் வாயில் அசைந்துகொண்டிருந்தது. பத்தாம் நாள் அது தானாக எழுந்து நின்றது. அந்த ஈத்தில் பால் பாதிதான். போகட்டும், உயிர் இருந்தது.

அருக்காணி என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அதெல்லாம் அவளுக்கு வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வேல இருக்குதா? மணவாளநல்லூரு போவணும், எனக்குப் படிக்கத் தெரியாது" என்றாள். போனோம். ராஜினாமா எழுதிக் கொடுத்தோம். கோவிலில் பூசாரி அதைப் படித்தபோது, எதிரி சந்திரலேகா என்று என் பேர் சத்தமாக வந்தது. அருக்காணி தூணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் கிளம்பலாம் என்று நினைத்தேன். அவள் இடுப்பிலிருந்து மடித்த வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்தாள்.

"இன்னொரு பிராது எழுது."

"யாரு மேலக்கா?"

"அருக்காணின்னு எழுது. தெய்வநாயகம் பொண்டாட்டி, விருத்தாசலம். வாயில்லா ஜீவன சோறு போட்டே படுக்க வெச்சவ. ஒண்ணும் பண்ணாதவ மேல பழி போட்டவ. எழுது. தப்பு பண்ணவள வுட்டுட்டு வந்தா சாமிக்கு என்னா மரியாத?"

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பிடித்தால் பிடித்ததுதான் அவள். கடைசியில் தாளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு எழுதினேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவள் நான். அவளுக்கு எழுத்துக் கூட்டவும் தெரியாது. அவள் குனிந்து என் பேனா போகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னத ஒண்ணு வுடாம எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

சாமி முன்னால் வைத்து வாங்கி, அவளே மடித்து, அவளே வேலில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினாள். அப்புறம்தான் அவள் முகம் தெளிந்தது. பஸ்ஸில் வரும்போது, "காலைல என்னா சாப்ட்ட?" என்று கேட்டாள்.

நான் எழுதியது இவ்வளவுதான்: 'சாமி, இதில் எதிரி யாரும் இல்லை. அருக்காணி எனக்கு ஏழாம் மாதத்திலிருந்து பிள்ளை பிறக்கிறவரை சோறு போட்டவள். அவளுடைய ஏழாம் மாதத்தில் அவளுக்கு ஒருத்தரும் போடவில்லை. அதை விசாரிக்க வேண்டியது.'

ஆறு வருஷம் ஆகிறது. செல்லி இன்னும் நாலு ஈத்துப் போட்டது. ஒவ்வொரு சினையிலும் அருக்காணி தீவனத்தைப் படியால் அளந்துதான் வைத்தாள். அந்தப் பிராதுக்கு நான் இன்னும் ராஜினாமா கொடுக்கவில்லை.